பெங்களூரிலிருந்து கோவைக்கு: ஒரு வீட்டின் 28 மாதக் கணக்கு

2025 ஜூன் முதல் வாரம். மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போது மின்கட்டணக் குறுஞ்செய்தி வந்தது. இரண்டு மாதத்துக்கு 620 யூனிட், 3,100 ரூபாய்க்கு மேல். கேமராவை அணைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன். எண் மாறவில்லை. பெங்களூரில் கடைசி ஒன்றரை வருடம் நாங்கள் கரண்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டியதில்லை. "கோயம்புத்தூர் போனால் செலவு குறையும்" என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் கணவர் அந்தக் குறுஞ்செய்தியைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்து 24-இல் இருந்த ஏசியை 27-க்கு ஏற்றிவிட்டு குளிக்கப் போய்விட்டார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட ஆரம்பித்தேன். அதன் பிறகு வந்த மாதங்களையும் சேர்த்து ஒரு வருடம் முடிந்த நிலையில் இதை எழுதுகிறேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் ஊர் மாறலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்கள் எல்லோருக்குமான பதில் என்னிடம் இல்லை. எங்கள் ஒரு வீட்டுக் கணக்கு இருக்கிறது.

முதலில் ஆட்கள். நான் பெங்களூர் நிறுவனம் ஒன்றில் மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறேன். 2022 முதல் முழுக்க வீட்டிலிருந்துதான் வேலை. கணவர் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினீயர். பீன்யா தொழிற்பேட்டையில் இருந்தார். மிஷினுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய வேலை, லேப்டாப்பில் செய்ய முடியாது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவர் வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஜாலஹள்ளியில் இரண்டு படுக்கையறை வீடு. சொந்த ஊர், அதாவது அவருடைய ஊர், கோவில்பட்டி.

2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். போர்வெல்கள் வற்றின. டேங்கர் விலை எகிறியதால் மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயித்தது: 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய். அந்த விலைக்கு எங்கள் தெருவுக்கு டேங்கர் வரவில்லை என்பது வேறு கதை. அப்பார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் தினமும் காலை 6 மணிக்கு "இன்று 7 முதல் 8 வரை மட்டும்" என்று வரும். ஏப்ரலில் பள்ளி விடுமுறை விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போய்விட்டேன். லேப்டாப்பும் கூடவே வந்தது. பத்து வாரம் அங்கிருந்து வேலை பார்த்தேன். இந்த ஆய்வுக்கு அதுதான் முதல் சோதனைக்கூடம்.

கோவில்பட்டியில் வாடகை கிடையாது. காய்கறி சந்தை விலை, பால் பக்கத்து வீட்டு மாடு, மதியச் சாப்பாடு அத்தை கையால். காகிதத்தில் பார்த்தால் இதை எந்த ஊரும் தோற்கடிக்க முடியாது. ஆனால் பத்து வாரத்தில் இரண்டு செலவு முளைத்தது, இரண்டும் என் எக்ஸெல் ஷீட்டில் அதுவரை இல்லாதவை.

ஒன்று, இணைப்பு. ஒரே ஒரு ஃபைபர் லைன்தான் இருந்தது. அது போனால் போன் ஹாட்ஸ்பாட். அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கிற வி.பி.என். ஹாட்ஸ்பாட்டில் நிற்காது. மூன்று தடவை முக்கியமான ரிலீஸ் நாளில் பஸ் ஏறி தெரிந்தவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.

இரண்டாவது மொய். பெங்களூரில் இருக்கும்போது கல்யாணப் பத்திரிகை வாட்ஸாப்பில் வரும். நெருங்கின சொந்தம் என்றால் ஜிபேயில் ஆயிரம் போடுவோம், மற்றதெல்லாம் ஒரு கும்பிடு ஸ்டிக்கர். ஊரில் இருந்தால் அது நடக்குமா? சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதம். காதுகுத்து, வளைகாப்பு, பூப்புனித நீராட்டு, கிரகப்பிரவேசம், கல்யாணம் என்று பத்து வாரத்தில் பதினோரு விசேஷம், மொத்தம் 8,200 ரூபாய். மண்டப வாசலில் மேஜை போட்டு நோட்டு விரித்து உட்கார்ந்திருப்பார்கள். நாம் சொல்லும் ஊர், பெயர், தொகை மூன்றையும் எழுதிவிட்டு, எழுதுகிறவர் மைக்கைப் பிடித்துக்கொண்டிருப்பவரிடம் துண்டுச்சீட்டை நீட்டுவார். 501-ஆ 1001-ஆ என்பது மண்டபம் முழுக்கக் கேட்கும். வீட்டுக்கு வந்து நான் செலவுக் கணக்கில் எழுதுவதைப் பார்த்த அத்தை சிரித்தார்கள். "அது செலவு இல்ல தாயி, குடுத்து வைக்கிறது. நம்ம புள்ளைக்கு ஒண்ணு செய்யும்போது திரும்பி வரும்." பீரோவிலிருந்து பழைய மொய் நோட்டை எடுத்துக் காட்டினார்கள். எங்கள் கல்யாணத்துக்கு வந்தது முழுக்க அதில் இருந்தது. யாருக்குத் திருப்பிச் செய்தாகிவிட்டது என்று பென்சிலில் டிக். டிக் விழாத பெயர்கள் எங்கள் கடன்.

அத்தை சொன்னது சரிதான். மொய் ஒருவகைச் சேமிப்பு. ஆனால் முதிர்வுத் தேதி தெரியாத சேமிப்பு. மாதச் செலவை ஒப்பிடும்போது அதைச் செலவு வரிசையில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்து நகரங்களை ஒப்பிடும் எந்தத் தளத்திலும் மொய்க்கு ஒரு கட்டம் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அதற்கு ரூபாய் மதிப்பு போட முடியவில்லை. வீட்டில் இருந்தால் "வீட்லதான இருக்க" என்று அர்த்தம். அறைக் கதவைச் சாத்தினால் கோபித்துக்கொண்டதாக அர்த்தம். யாரையும் குறை சொல்லவில்லை. அந்த வீட்டில் வேலை என்றால் வெளியே போய்ச் செய்வது, அவ்வளவுதான். கணவருக்கும் அவர் துறையில் அங்கே வேலை இல்லை. கோவில்பட்டி பட்டியலிலிருந்து இறங்கியது.

சென்னையை யோசித்தோம், அதிக நேரம் இல்லை. அம்பத்தூரில் அவருக்கு வேலை கிடைத்திருக்கும். ஆனால் வாடகை பெங்களூர் அளவுக்கே வந்தது. சென்னைக்கு அப்போது ஒரு வரிச்சலுகை இருந்தது: பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப் படிக்கான விலக்கைக் கணக்கிடும்போது சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா நான்கு ஊருக்கு மட்டும் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் என்றும் மற்ற ஊர்களுக்கு 40 என்றும் நீண்ட காலமாக இருந்தது. பெங்களூரே அப்போது அந்தக் கணக்கில் பெருநகரம் இல்லை. நான் புதிய வரிமுறைக்கு மாறிவிட்டதால் இந்த விலக்கே எனக்குக் கிடையாது. அதனால் சென்னையின் அந்த ஒரு நன்மையும் போயிற்று.

மிஞ்சியது கோவை. பம்பும் மோட்டாரும் வார்ப்படமும் உள்ள ஊர், தரக்கட்டுப்பாட்டு ஆளுக்கு வேலை இல்லாமல் போகாது. கோவில்பட்டிக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ராத்திரி ஏறினால் விடிவதற்குள் இறங்கலாம். பெங்களூர் அலுவலகத்துக்குப் போக உதய் எக்ஸ்பிரஸ், வந்தே பாரத் இரண்டும் இருக்கின்றன.

இந்த இடத்தில்தான் நான் ஒரு தப்பு செய்தேன். ஒரு நகர ஒப்பீட்டுத் தளத்தில் இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டினேன். கோவை கணிசமாக மலிவு என்று வந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பின்னால்தான் படித்தேன். நம்பியோ (Numbeo) மாதிரியான தளங்களில் விலைகளைப் பதிவதே பயனர்கள்தான். நியூயார்க்கை 100 என்று வைத்து மற்ற ஊர்களை அளக்கிறார்கள். அவர்களுடைய வாழ்க்கைச் செலவுக் குறியீட்டில் வாடகை சேராது, வாடகைக்குத் தனிக் குறியீடு. பெரிய ஊர்களில் விலை பதிய நிறையப் பேர் இருப்பார்கள், சின்ன ஊர்களில் கொஞ்சம் பேர். மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனம் வெளியிடும் பட்டியல் இன்னும் தூரம். ஊழியரை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்களுக்காகத் தயாரிப்பது அது. கோவையின் கணபதி பகுதியில் வாடகைக்கு வீடு தேடுகிறவளுக்கு அதில் ஒன்றும் இல்லை.

என் குழுவில் ஒருவர் நேர் எதிராகக் குழப்பினார். மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் 88 தொழில் மையங்களுக்கு மாதாமாதம் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் வெளியிடுகிறது, கோவையும் அதில் உண்டு. ஒரு ஊரின் எண் இன்னொரு ஊரின் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த ஊர் விலை அதிகம் என்று அவர் எடுத்துக்கொண்டார். அப்படி இல்லை. 2016-இல் ஒவ்வொரு ஊரும் எங்கே இருந்ததோ அதையே அந்தந்த ஊருக்கு 100 என்று வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு அந்த ஊருக்குள் விலை எவ்வளவு ஏறியது என்பதைத்தான் எண் சொல்லும். இரண்டு பிள்ளைகள் இந்த வருடம் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தார்கள் என்பதை வைத்து யார் உயரம் என்று சொல்ல முடியுமா? அந்த மாதிரிதான்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். 2025 ஜனவரிக் கடைசியில் கணபதியில் தனி வீட்டின் மேல்தளத்துக்குக் குடிபோனோம். அதற்கு முன் பார்த்த வீடு இன்னும் 1,500 ரூபாய் குறைவு. ஆனால் வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றார். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் இல்லாத வீட்டில் அந்த இலவசம் நமக்கு வராது. பகல் முழுக்க வீட்டில் இருக்கிற ஆளுக்கு இது விளையாட்டுக் காசு இல்லை. அதை விட்டுவிட்டுத் தனி மீட்டர் உள்ள வீட்டைப் பிடித்தோம். தண்ணீரைப் பற்றி, பெங்களூர் அனுபவத்தால், துருவித் துருவிக் கேட்டேன். குடிநீர் சிறுவாணி அணையிலிருந்தா பில்லூர் அணையிலிருந்தா என்று கேட்டதும் வீட்டுக்கார அம்மா கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். "நல்ல தண்ணி வாரம் ஒருக்கா வந்துருமுங்க, உப்புத் தண்ணிக்கு போர் இருக்குதுங்க, பயப்படாதீங்க."

இப்போது எண்கள். பெங்களூருக்கு அங்கிருந்த கடைசி ஒன்றரை வருடத்தின் மாதச் சராசரி, கோவைக்கு 2025 பிப்ரவரி முதல் 2026 ஜனவரி வரையிலான மாதச் சராசரி. முதல் எண் பெங்களூர், இரண்டாவது கோவை.

வாடகை: 21,000 / 14,000
பராமரிப்பு, தண்ணீர்: 2,500 / 200
மின்சாரம்: 0 / 950
இணையம்: 900 / 1,400
மளிகை, காய்கறி, பால், கேஸ்: 15,000 / 14,200
பள்ளி, வேன், டியூஷன்: 9,500 / 7,500
வீட்டு வேலைக்கு வரும் அக்கா: 3,000 / 2,500
பெட்ரோல், ஆட்டோ, பஸ்: 4,500 / 3,600
ஹோட்டல், ஆர்டர்: 6,000 / 4,500
மருத்துவம்: 2,000 / 2,000
கோவில்பட்டி பயணம்: 3,500 / 3,800
பெங்களூர் அலுவலகப் பயணம்: 0 / 2,900
மொய்: 600 / 2,000
மொத்தம்: 68,500 / 59,550

இதற்கு மேல் மாதம் 17,000 ரூபாய் இருக்கிறது: காப்பீடு, கல்விக் கடன், போன், பெற்றோருக்கு அனுப்புவது. எந்த ஊரில் இருந்தாலும் அது மாறாது. ஆகமொத்தம் பெங்களூரில் 85,500, கோவையில் 76,550. வித்தியாசம் 8,950. பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்.

பட்டியலைப் பார்த்தவர்கள் எல்லோரும் வாடகையைத்தான் முதலில் பேசுகிறார்கள். எனக்குச் சுவாரசியமாகப் பட்டது மளிகை. 800 ரூபாய்தான் வித்தியாசம். எண்ணெய், பருப்பு, சோப்பு, பற்பசை எல்லாம் பாக்கெட்டில் அச்சடித்த விலை. கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட ஒரே விலை. ஃபைபர் திட்டங்கள் நாடு முழுக்க ஒன்றுதான். நடுத்தர வர்க்க வீடு வாங்கும் மாதச் சாமான்களில் பெரும்பங்கு இந்தியா முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே விலைச் சரக்கு. வீடு, பள்ளி, ஆள்கூலி, வெளிச்சாப்பாடு இவைதான் ஊருக்கு ஊர் மாறுகின்றன. இந்த நான்கில் ஒருவர் எவ்வளவு செலவழிக்கிறாரோ அவ்வளவுதான் ஊர் மாறி மிச்சம் பிடிக்க முடியும். தனி ஆளாக, சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, நண்பர்களோடு வாடகையைப் பங்கு போடுகிறவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது.

மின்சாரத்துக்கு வருகிறேன், அதுதானே ஆரம்பம். கர்நாடகத்தில் 2023 ஆகஸ்ட் முதல் கிருஹ ஜோதி திட்டம். முந்தைய வருடத்தின் மாதச் சராசரியோடு 10 சதவீதம் கூட்டி, 200 யூனிட் வரம்புக்குள் இலவசம். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. ஜாலஹள்ளி வீட்டில் ஏசி கிடையாது, தேவையும் படவில்லை, எங்கள் உபயோகம் அந்த அளவுக்குள் அடங்கிவிடும். கோவையில் ஏப்ரல் மதியம் மேல்தள வீட்டில் மொட்டை மாடிச் சூடு தலைக்கு நேர் மேலே. அலுவலகத்தில் இருந்திருந்தால் அந்த எட்டு மணி நேர ஏசிக்கு நிறுவனம் பணம் கட்டும். இப்போது நான் கட்டுகிறேன். தமிழ்நாட்டு அடுக்குமுறையில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டும் கூடுதல் விலை என்று நினைப்போம். கீழடுக்கில் 101 முதல் 200 யூனிட்டுக்கு இருந்த சலுகை விலையும் சேர்ந்து போய்விடுகிறது. 2024 ஜூலையில் உயர்ந்த கட்டணப்படி 501-ஆவது யூனிட்டிலிருந்து 8.55 ரூபாய், 601-இலிருந்து 9.65. 495-க்கும் 505-க்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. இப்போது மாதம் இரண்டு தடவை மீட்டரைப் போய்ப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

கரண்ட் விலை மட்டும் பேசி முடிக்க முடியாது. மாதம் ஒருநாள் துணைமின்நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 4 அல்லது 5 வரை மின்சாரம் இருக்காது. பேப்பரில் முன்கூட்டியே போடுவார்கள், ஏரியா பெயர் தேடிப் படிக்க வேண்டும். அலுவலகம் போகிறவருக்கு அது செய்தியே இல்லை. எனக்கு அது ஒரு வேலைநாள். அதற்காக இன்வெர்ட்டர், பெரிய பேட்டரி. அது விசிறி, லேப்டாப், ரௌட்டர் மூன்றையும் நாள் முழுக்கத் தாங்கும். ஏசியைத் தாங்காது. இணையத்துக்கு இரண்டாவது லைன், வேறு நிறுவனத்தினுடையது, மாதம் 500. கோவில்பட்டியில் கற்ற பாடம்.

பயண வரிகளில் எனக்கே ஆச்சரியம் இருந்தது. பெங்களூரிலிருந்து கோவில்பட்டிக்கு மூவரும் போய்வர சுமார் 10,500. கடைசி நேர டிக்கெட், பண்டிகைக் கால பஸ் எல்லாம் சேர்ந்து. வருடத்துக்கு நாலு தடவை. கோவையிலிருந்து போய்வர ஐயாயிரம்தான். ஆனால் பக்கம் என்பதால் ஒன்பது தடவை போனோம். பக்கம் என்றால் சாக்குச் சொல்ல முடியாது. மொய் வரியும் அதே காரணத்தால்தான் மூன்று மடங்கு ஆனது. நிறுவனம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நேரில் வரச் சொல்கிறது. ரயில், ஒரு ராத்திரி தங்கல், ஆட்டோ என்று ஒரு தடவைக்கு 5,800.

பஸ்ஸில் ஒரு சின்ன லாபம். கர்நாடகத்திலும் பெண்களுக்கு இலவசப் பயணம் உண்டு, 2023 ஜூனில் வந்த சக்தி திட்டம். ஆனால் கர்நாடக முகவரிச் சான்று வேண்டும். என் ஆதாரில் கோவில்பட்டி முகவரி. ஒருநாள்கூட நான் அங்கே இலவசமாகப் போனதில்லை. இங்கே சாதாரண டவுன் பஸ்ஸில் ஏறினால் ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறார்கள்.

பள்ளிச் செலவில் 2,000 குறைந்தது உண்மை. ஆனால் மகள் கன்னட எழுத்து படிக்கத் தொடங்கியிருந்தாள். தமிழ்நாட்டில் 2006-ஆம் வருடத்துச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். வீட்டில் தமிழ் பேசுகிறவள்தான், எழுத்துதான் தெரியாது. "க"வைப் பார்த்து இது என்ன "ಕ" இல்லையா என்று அவள் கேட்கவில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினாள். ஆறு மாதம் டியூஷன். அந்தத் தொகை மேலே பள்ளிக் கணக்கிலேயே சேர்ந்திருக்கிறது.

இனி கணக்கின் அடுத்த பக்கம். இதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

என் சம்பளம் மாறவில்லை. எல்லோருக்கும் இப்படி அமையாது. பேஸ்புக் 2020 மே மாதமே இடத்துக்கேற்பச் சம்பளம் மாறும் என்று அறிவித்தது. கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் சம்பளம் கணக்கிடும்போது இருப்பிடத்தையும் ஒரு காரணியாகப் போடுகிறது. எங்கள் நிறுவனத்தில் என் சம்பளத்தைத் தொடவில்லை, ஆனால் மனிதவளத் துறையின் படிவத்தில் என் ஊருக்கு நேரே ஒரு புது வகைப்பெயர் ஏறியிருக்கிறது. அடுத்த ஊதிய உயர்வில் அதன் அர்த்தம் தெரியும்.

கணவருக்குத் தெரிந்துவிட்டது. பீன்யாவில் கைக்கு வந்தது 46,000. கோவையில் அதே வேலைக்கு 41,000. மாதம் 5,000 போயிற்று. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் ஊர் மாற்றத்தைத் தன் சம்பளம், தன் செலவு என்று மட்டும் போட்டுப் பார்க்கிறார். கூட இருப்பவருடைய வேலை இடத்தோடு கட்டுப்பட்டது என்றால் முழுக் கணக்கும் அந்த ஒரு வரியில் கவிழலாம். 8,950-இல் 5,000 கழித்தால் 3,950.

முன்பணத்தில் கொஞ்சம் திரும்புகிறது. பெங்களூரில் கிட்டத்தட்ட பத்து மாத வாடகை முன்பணம், இரண்டு லட்சம், வட்டியில்லாமல் கிடந்தது. கோவையில் 75,000 போதும். மீதி 1,25,000-ஐ 7 சதவீத வைப்புநிதியில் போட்டால் மாதம் சுமார் 730. ஆக உண்மையான மாத மிச்சம் 4,680.

அப்புறம் ஊர் மாறும்போது ஒரே தடவையாகப் போன பணம். லாரி, பேக்கிங் 24,000. பெங்களூர் வீட்டுக்காரர் பெயின்ட் செலவு என்று முன்பணத்தில் ஒரு மாத வாடகை பிடித்துக்கொண்டார், 21,000. ஆறு வருடம் இருந்த வீடு, சுவரில் மகளின் உயரக் கோடுகள் மட்டும்தான் இருந்தன, என்ன செய்ய. புதுப் பள்ளியில் சேர்க்கைக் கட்டணம் 18,000. ஏசி 38,000. இன்வெர்ட்டரும் பேட்டரியும் 24,000. பைக் கர்நாடகப் பதிவு. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டுவதானால் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். 6,500. மொத்தம் 1,31,500.

1,31,500-ஐ 4,680-ஆல் வகுத்தால் 28. அதாவது இருபத்தெட்டு மாதம் கோவையில் இருந்தால்தான் நாங்கள் ஊர் மாறியதற்குச் செலவழித்த பணம் கைக்குத் திரும்பும். 2027 மே மாதக் கடைசியில். அதற்கு முன் நிறுவனம் எல்லோரும் அலுவலகம் வாருங்கள் என்று கூப்பிட்டால் நாங்கள் நஷ்டத்தில் இருப்போம்.

இந்த 28 என்ற எண்ணை எந்தத் தளமும் எனக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. என்னிடம் "கோவை மலிவா?" என்று கேட்கிறவர்களிடம் இப்போது நான் திருப்பி, எத்தனை மாதம் இருக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். பதினோரு மாத ஒப்பந்தம் போட்டுப் பார்க்கலாம் என்று வருகிறவர் ஏசி வாங்கக்கூடாது, மாதாந்திர வாடகைக்கு எடுக்கட்டும். பைக்கை மறுபதிவு செய்ய அவசரப்பட வேண்டாம், ஒரு வருடம் அவகாசம் இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டையும் பார்த்துவிட வேண்டும். சில பாலிசிகளில் ஊரை வைத்து மண்டலம் பிரித்திருப்பார்கள். சின்ன ஊருக்கு மாறிவிட்டேன் என்று பிரீமியத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு பெருநகர ஆஸ்பத்திரியில் படுத்தால் பில்லில் ஒரு பங்கு நம் தலையில் விழும். எங்கள் பாலிசியைப் பழைய மண்டலத்திலேயே விட்டுவிட்டேன்.

கணக்கில் வராதவையும் உண்டு, அவற்றை நான் வேண்டுமென்றே வெளியே வைத்தேன். கணவர் பீன்யாவிலிருந்து வீடு வரும்போது முகம் எப்படி இருக்கும், இப்போது எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு தொகை போட்டால் நான் விரும்பிய விடை வந்துவிடும். அதனால் போடவில்லை. அதேபோல் பெங்களூரில் எனக்கு நான்கு தோழிகள் இருந்தார்கள், கோவையில் ஒருவர்கூட இன்னும் இல்லை. அதற்கும் போடவில்லை.

2026 ஜனவரியில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வீட்டுக்கார அம்மா ஐந்து சதவீதம் கேட்டார். 700 ரூபாய். இரண்டாம் வருடம் முழுக்க அது கணக்கை இழுக்கும். பெங்களூர் வாடகையும் இந்நேரம் ஏறியிருக்கும் என்பதால் 28-ஐத் திருத்தாமல் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு மாதத்தில் தேறியது 56,160. இன்னும் 75,340 பாக்கி. பிரிட்ஜ் கதவில் சித்திரைக்கு மூன்று பத்திரிகை இருக்கிறது. அதில் ஒன்று டிக் விழாத பெயர், 1,001-க்குக் குறையக் கூடாது என்று அத்தை போனில் சொல்லியிருக்கிறார்கள். ஏசி சர்வீஸுக்கு நாளைக் காலை ஆள் வருகிறார். 600 ரூபாய் என்றார். அதை மின்சாரத்தில் எழுதுவதா, பராமரிப்பில் எழுதுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.